சயனோசன் சுவாலை: ஓர் அறிவியல் வரலாற்று நோக்கு

தீயின் வெப்பநிலையைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம் ஒன்றுண்டு. எரிபொருள் எவ்வளவுக்கு முற்றாக எரிகின்றதோ அவ்வளவுக்குச் சுவாலையின் வெப்பநிலையும் உயரும் என்பதே அது. அடுப்பிற் புகையும் ஈரவிறகையும் கொல்லன் உலையில் துருத்தியால் ஊதப்பெறும் கரியையும் கண்டு பழகியோர்க்கு இஃது ஐயத்துக்கிடமற்ற உண்மையாகவே தோன்றும். ஆயினும், இரசாயன முறையால் மனிதன் உண்டாக்கிய சுவாலைகளுள் மிக வெப்பமானவை முற்றாக எரிந்தவை அல்ல. பாதி எரிந்த நிலையில் நின்றவையே. காபனும் நைதரசனும் மாத்திரம் சேர்ந்தமைந்த சேர்வைகள் சில, முற்றாக எரிதற்கு வேண்டிய ஒட்சிசனில் அரைப்பங்கை மட்டும் பெற்று எரியும்பொழுது 4500 பாகை செல்சியசையும் கடந்த வெப்பநிலையைத் தருகின்றன.

இச்சுவாலைகள் நூல்களிற் பெரும்பாலும் அதிகூடிய வெப்பநிலைகளின் பட்டியலிலே ஒரு வரியாக இடம்பெற்றுக் கழிந்துவிடுகின்றன. அது பொருத்தமன்று. நைதரசன் மூலக்கூற்றின் பிணைப்புச் சத்தி 945 கிலோயூல், காபன்-காபன் ஒற்றைப் பிணைப்பின் சத்தி ஏறத்தாழ 348 கிலோயூல் என நம் மாணவர் அட்டவணை பார்த்து எழுதுகின்ற எண்கள் ஒரு காலத்திற் பெரும் வழக்குக்கு உட்பட்டிருந்தன. அவ்வழக்கிற் கூறப்பட்ட சான்றுகளுள் முதன்மையான ஒன்று சயனோசன் சுவாலையினதாகும். அச்சான்று எவ்வாறு எழுந்தது என்பதே இக்கட்டுரையிற் கூற முற்படும் பொருள்.

கதை நிறத்தில் தொடங்குகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பேளின் நகரிலே டீஸ்பாக் என்னும் சாயத் தொழிலாளர் செந்நிறச் சாயம் செய்ய முயன்றபொழுது, விலங்குப் பொருட்களோடு சேர்ந்து மாசுற்ற பொற்றாசு அவர் கையிற் கிட்டியமையால், சிவப்புக்குப் பதிலாக ஆழ்ந்த நீலம் தோன்றியது. பிரசிய நீலம் எனப் பெயர்பெற்ற அச்சாயத்தின் அமைப்பு நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 1782 இல் சுவீடன் நாட்டு மருந்தாளரான ஷேலே அதனை அமிலத்தோடு காய்ச்சி வடித்து, நீரிற் கரைந்த ஆவியொன்றைப் பெற்றார். இன்று ஐதரோசயனிக்கமிலம் என்று நாம் வழங்குவது அதுவே. ஷேலே தம் வழக்கப்படி அதன் மணத்தை மட்டுமன்றிச் சுவையையும் குறித்து வைத்தார். கொடிய நஞ்சொன்றைச் சுவைத்துப் பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. (மரவள்ளிக் கிழங்கோடு இஞ்சி சேர்க்கலாகாது என்று நம் வீடுகளிற் கூறப்படும் எச்சரிக்கைக்கு ஆதாரம் உண்டோ இல்லையோ, அக்கிழங்கின் நச்சுத் தன்மைக்குக் காரணமானது இதே அமிலமாகும்.)

இவ்வமிலம் பிரான்சிய இரசாயனவியலுக்கு ஓர் இடையூறாயிற்று. அமிலங்கள் யாவற்றுக்கும் ஒட்சிசனே காரணம் என்பது லவோசியேயின் கொள்கை; ஒட்சிசன் என்னும் பெயரே அமிலத்தைப் பிறப்பிப்பது என்ற கருத்தில் அவர் இட்டதுதான். 1787 இல் பெர்த்தொலே இவ்வமிலத்தை ஆராய்ந்து அதிற் காபன், நைதரசன், ஐதரசன் ஆகிய மூன்றையுமே கண்டார், ஒட்சிசனைக் காணவில்லை. ஒட்சிசன் அற்ற அமிலமும் உண்டு என்பதை உலகம் ஏற்பதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. குளோரீன் ஒரு மூலகமே என்று டேவி 1810 இல் நிறுவிய பின்னரே பெர்த்தொலேயின் முடிவுக்கு உரிய மதிப்புக் கிடைத்தது.

பெர்த்தொலேயின் மாணவரான கே-லுசாக் 1811 இல் அவ்வமிலத்தைத் தூய திரவமாகப் பெற்றார். 1815 இல், உலர்ந்த இரச சயனைட்டை வெப்பமேற்றியபொழுது நிறமற்ற புதிய வாயுவொன்று வெளிவந்தது. அதில் ஐதரசனும் இருக்கவில்லை. காபனும் நைதரசனும் மாத்திரமே இருந்தன. நீலத்தைப் பிறப்பிப்பது என்ற பொருளிற் கிரேக்க மொழியினின்று அதற்குச் சயனோசன் என்னும் பெயரை அவர் ஆக்கினார். அது தீப்பற்றி ஊதாக் கலந்த நீலச் சுவாலையோடு எரிவதையும் கண்டார். அளவுகுழாயில் ஒட்சிசனோடு சேர்த்து மின்பொறியால் வெடிக்கச் செய்து, ஒரு கனவளவு சயனோசனிலிருந்து இரு கனவளவு காபனீரொட்சைட்டும் ஒரு கனவளவு நைதரசனும் தோன்றுவதைக் கணித்தார். சயனோசன் கூட்டுப்பொருளாயினும் குளோரீன் போன்ற ஒரு மூலகமாகவே தாக்கங்களில் நடந்துகொள்கின்றது என்ற அவருடைய கருத்து, 1832 இல் லீபிக்கும் வேலரும் வளர்த்த மூலிகக் கொள்கைக்கு வித்திட்டது. இரசாயன வரலாற்று நூல்கள் சயனோசனின் கதையைப் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

கே-லுசாக்கின் நோக்கம் வாயுவின் அமைப்பை அறிவதாயிருந்தமையால் அவர் அதனை முற்றாக எரிக்க வேண்டியிருந்தது. பாதி எரிப்பதன் பயன் விளங்க வேண்டுமாயின் வேறொரு கருத்துத் தோன்ற வேண்டியிருந்தது. அது 1857 அளவிற் சென்-கிளேர் டெவில் வகுத்த கூட்டப்பிரிகை என்னும் கருத்தாகும். ஐதரசனும் ஒட்சிசனும் எரியும் சுவாலையைப் பிளாற்றினத்தை உருக்கப் பயன்படுத்தியவர் டெவில். தகன வெப்பத்தையும் நீராவியின் வெப்பக் கொள்ளளவையும் கொண்டு கணித்தால் அச்சுவாலைக்கு வரவேண்டிய வெப்பநிலையில் அரைப்பங்கைத்தானும் அது எட்டவில்லை. காரணம் பின்வருமாறு: உயர்ந்த வெப்பநிலையிலே நீராவி மீண்டும் கூறுகளாகப் பிரிகின்றது, பிரிவதற்கு வேண்டிய சத்தியை அச்சுவாலையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. ஆகவே சுவாலையொன்றின் வெப்பநிலைக்கு எல்லை விதிப்பது எவ்வளவு வெப்பம் பிறந்தது என்பது மட்டுமன்று; பிறந்த விளைபொருள்கள் அவ்வெப்பத்தைப் பிரியாமல் தாங்கவல்லனவா என்பதுமாகும்.

இவ்வுண்மையைச் சயனோசனிற் பரிசோதனை வாயிலாகத் தொட்டவர் மஞ்செஸ்ரர் நகரிலே ஓவென்ஸ் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த டிக்சன் ஆவார். வாயுக்கலவைகளிற் பரவும் வெடியலையின் வேகத்தை நீண்ட குழாய்களில் அளந்த அவருடைய ஆய்வு 1893 இல் வெளிவந்தது. 1896 இல் அவரும் அவருடன் உழைத்த இருவரும் சயனோசனின் வெடிப்பைத் தனியே ஆராய்ந்தனர். ஒரு கனவளவு சயனோசனுக்கு இரு கனவளவு ஒட்சிசன் சேர்த்தால் அது முற்றாக எரியும். ஒரு கனவளவு சேர்த்தால் காபனோரொட்சைட்டு வரையே எரியும். முன்னையதில் வெளிவரும் வெப்பம் பின்னையதைப் போல் இருமடங்கு. ஆனால் வெடியலை விரைந்து சென்றது பின்னையதிலேதான். காபன் முதலிற் காபனோரொட்சைட்டாகவே எரிகின்றது என்றும், காபனீரொட்சைட்டு அலையின் முகப்பிலன்றிப் பின்னரே தோன்றுகின்றது என்றும் டிக்சன் முடிவு செய்தார். இத்துணை முக்கியமான முடிபு இன்று மாணவர் பாடநூல்களில் இடம்பெறாமை வருந்தத்தக்கது.

இதன் கணக்கைச் சற்று விரித்து நோக்குதல் தகும். சயனோசன் தன் மூலகங்களிலிருந்து உருவாகும்போது வெப்பத்தை வெளிவிடுவதில்லை. மூலொன்றுக்கு ஏறத்தாழ 309 கிலோயூலை உள்வாங்கிக்கொள்கின்றது. எரியும்போது அச்சேமிப்பும் திரும்பக் கிடைக்கின்றது. காபனோரொட்சைட்டும் நைதரசனுமாக எரிந்தால் ஏறத்தாழ 530 கிலோயூலும், காபனீரொட்சைட்டும் நைதரசனுமாக எரிந்தால் ஏறத்தாழ 1096 கிலோயூலும் வெளிவரும். ஆனால் காபனீரொட்சைட்டு 3000 பாகையை அணுகும்போதே காபனோரொட்சைட்டாகவும் ஒட்சிசனாகவும் பெருமளவிற் பிரிந்துவிடும். ஒட்சிசன் மூலக்கூறும் அணுக்களாகப் பிரியும். பிறந்த வெப்பத்தின் பெரும்பங்கு அப்பிரிகைக்கே செலவாகும். காபனோரொட்சைட்டும் நைதரசனுமோ ஈரணு மூலக்கூறுகளுள் மிக வலிய பிணைப்புடையன: முன்னையது 1072 கிலோயூல், பின்னையது 945 கிலோயூல். அவை அவ்வெப்பத்திலும் பெரும்பாலும் குலையாமல் நிற்பதால், பிறந்த வெப்பம் வெப்பநிலையை உயர்த்தவே பயன்படுகின்றது.

அசற்றலீன் சுவாலையோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். அசற்றலீனும் வெப்பத்தை உட்கொண்டு உருவாவதே. சம கனவளவு ஒட்சிசனோடு அது எரியும்போது அதுகாறும் அறியப்பட்ட சுவாலைகளை விஞ்சும் வெப்பநிலை கிடைக்கும் என்று 1895 இல் லெ-சத்தலியே எடுத்துக்காட்டினார். உலோக ஒட்டுத் தொழில் அதன்மீதே வளர்ந்தது. ஆயினும் அது 3100, 3200 பாகையளவில் நின்றுவிடுகின்றது. அசற்றலீனில் ஐதரசன் உண்டு. ஐதரசன் மூலக்கூற்றின் பிணைப்பு 436 கிலோயூலே. அது பிரிந்து வெப்பத்தை விழுங்கிவிடும். சயனோசனில் விழுங்குவதற்கு ஐதரசன் இல்லை. ஐதரசன் அற்றது என்று கே-லுசாக் 1815 இற் கண்ட அதே பண்புதான் இங்கே பயன்தருகின்றது.

சயனோசனும் ஒட்சிசனும் சம கனவளவிற் கலந்து சுடரும்போது சுவாலையில் இரு பகுதிகள் தெரியும். உள்ளே ஒளிமிக்க சிறு கூம்பும் அதனை அண்டிய பகுதியுமே மிக வெப்பமானவை. வெளியே சூழ்ந்துள்ள போர்வையில் காபனோரொட்சைட்டு சூழலிலுள்ள வளியோடு சேர்ந்து எரிகின்றது; முற்றாக எரிதல் நடைபெறும் அப்பகுதி உட்பகுதியை விடக் குளிர்ந்தது.

இனி வழக்குக்கு வருவோம். நைதரசன் மூலக்கூற்றைப் பிரிக்க எவ்வளவு சத்தி வேண்டும் என்பதில் 1930, 1940 களில் நிறமாலையியலாளர் இரு பிரிவாக நின்றனர். அளந்த எண்ணில் அவர்களுக்குள் வேறுபாடு இருக்கவில்லை என்பதே இங்கு சுவையானது. கிளர்ந்த நைதரசன் மூலக்கூறு குலையத் தொடங்கும் எல்லையொன்று நிறமாலையில் 12.14 இலத்திரன் வோற்றளவில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் குலைந்து வெளிவரும் அணுக்கள் எந்நிலையில் வருகின்றன என்பதை அவ்வெல்லை கூறவில்லை. கிளர்ந்த நைதரசன் அணு ஒன்று தாழ்நிலை அணுவை விட 2.38 இலத்திரன் வோற்று மிகையாகக் கொண்டிருக்கும். இரண்டு அணுக்களும் கிளர்ந்தே வெளிவருகின்றன எனக் கொண்டால் அத்தொகையை இருமுறை கழித்து 7.38 என்ற பெறுமானம் கிடைக்கும். ஒன்று மட்டுமே கிளர்ந்தது எனக் கொண்டால் ஒருமுறை கழித்து 9.76 கிடைக்கும். ஹேர்ட்ஸ்பேர்க் முதலியோர் சிறிய எண்ணைக் கொண்டனர். அதுவே நெடுங்காலம் பெரும்பான்மையோர் கருத்தாயிருந்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கேய்டன் பெரிய எண்ணுக்காக வாதாடினார். ஈரணு மூலக்கூறுகளின் கூட்டப்பிரிகைச் சத்திகள் பற்றி 1947 இல் வெளியான அவருடைய நூல் அவ்வாதத்தை விரித்துரைத்தது. காபனோரொட்சைட்டு மூலக்கூறு பற்றியும் இதையொத்த பிணக்கு இருந்தது: 9.14 என்பாரும் 11.1 என்பாரும் இருந்தனர். நிறமாலைத் தட்டுகளை மீண்டும் மீண்டும் ஆராய்வதால் மட்டும் இது தீர்வதாயில்லை.

சயனோசன் சுவாலையின் பெறுமதி இங்கேதான் புலப்படுகின்றது. அதன் விளைபொருள்கள் இரண்டே: பிணக்குக்குரிய அவ்விரு மூலக்கூறுகளேயன்றி வேறில்லை. நைதரசனின் பிணைப்பு 7.38 அளவிற்கே வலியது எனின், அச்சுவாலையில் அது பெருமளவிற் பிரிந்து வெப்பநிலையைப் பல நூறு பாகை கீழே இழுத்துவிடும். 9.76 எனின் சுவாலை 4800 கெல்வின் அளவுக்கு ஏறும். ஆகவே சுவாலையின் வெப்பநிலையை அளந்தால் பிணைப்பின் வலிமை தானே வெளிப்படும். 1952 இல் தோமஸ், கேய்டன், புரூவர் ஆகியோர் இதனைச் செய்தனர்.

செய்தல் எளிதன்று. தங்குதன் 3422 பாகையில் உருகிவிடும். காபன் அதற்குச் சற்று மேலே ஆவியாகிவிடும். இச்சுவாலையுள் நுழைத்து எடுக்கத்தக்க வெப்பமானி எதுவும் இல்லை. எனவே சுவாலை தானே வெளிவிடும் ஒளியைக் கொண்டே அதன் வெப்பநிலையை அறிய வேண்டியிருந்தது. சயனோசன் இரண்டாகப் பிரிந்த பாதியாகிய சீ-என் மூலிகம் ஊதா நிறப் பகுதியில் வலிய பட்டைகளைத் தருகின்றது. அப்பட்டைகளின் செறிவுகளை ஒப்பிட்டால் மூலிகங்கள் எவ்வெச் சத்திநிலைகளிற் பங்கிடப்பட்டுள்ளன என்பதும், அதன்வழி வெப்பநிலையும் தெரியவரும். கிடைத்த விடை 4800 கெல்வினை அண்மியதாயிருந்தது, 7.38 என்ற எண்ணோடு அதனை இசைவிக்க இயலவில்லை.

இதே மூலிகம் வேறோர் இடத்திலும் வெப்பமானியாயிற்று என்பதை இங்கு குறிப்பிடாது செல்லல் இயலாது. விண்மீன்களுக்கிடையே பரந்துள்ள சீ-என் மூலிகங்களின் உறிஞ்சற் கோடுகளைக் கொண்டு கனடிய வானியலாளர் மக்கெல்லர் 1941 இற் கணித்த வெப்பநிலை 2.3 கெல்வின். அதன் பொருள் அன்று ஒருவருக்கும் விளங்கவில்லை. 1965 இல் அண்டவெளியை நிரப்பியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சுக் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, அக்கதிர்வீச்சின் வெப்பநிலையைத்தான் மக்கெல்லர் அறியாமலே அளந்திருந்தார் என்பது தெளிவாயிற்று.

சுவாலை அளவீட்டை ஒரு சான்றாகக் கொண்டு தீர்ப்பளிக்க எல்லாரும் அணியமாயிருந்தனர் என்று கூறுவதற்கில்லை. சுவாலை சமநிலையை எய்தியதா, பட்டைகளின் செறிவு உண்மையான வெப்பநிலையைக் காட்டுகின்றதா என்ற வினாக்கள் நியாயமானவையே. அதனால் அதே 1952 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கிஸ்தியாகொவ்ஸ்கியும் அவர்தம் துணைவர் இருவரும் செய்த ஆய்வு பெரிதும் வேண்டப்படுவதாயிருந்தது. அவர்கள் ஒளியை நோக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் டிக்சன் செய்தவாறே சயனோசன்-ஒட்சிசன் கலவையில் வெடியலையின் வேகத்தை அளந்தனர். அவ்வேகமும் விளைபொருள்கள் எவ்வளவு பிரிகின்றன என்பதைச் சார்ந்ததாதலின், பிணைப்புச் சத்தியை அதிலிருந்தும் பெறலாம். அவர்கள் முடிவும் நைதரசனுக்கு 9.76, காபனோரொட்சைட்டுக்கு 11.1 என்ற பெரிய எண்களையே ஆதரித்தது. தம்முள் தொடர்பற்ற இரு வழிகள் ஒரே இடத்திற் கூடின.

இதன் விளைவு இரு மூலக்கூறுகளோடு நின்றுவிடவில்லை. காபனோரொட்சைட்டின் பிணைப்புச் சத்தி தெரிந்தால், திண்மக் காபனைத் தனியணுக்களாக ஆவியாக்க வேண்டிய வெப்பமும் கணக்கால் தெரிந்துவிடும். சிறிய எண்ணின்படி அது மூலொன்றுக்கு 520 கிலோயூலளவு. பெரிய எண்ணின்படி 710 கிலோயூலுக்கு மேல். சேதனச் சேர்வைகளின் பிணைப்புச் சத்திகள் யாவும் இவ்வொரு தொகையை அடியாகக் கொண்டே கணிக்கப்படுவன. 1939 இல் போலிங் வெளியிட்ட அட்டவணையிற் காபன்-காபன் ஒற்றைப் பிணைப்புக்கு இன்றைய அலகில் ஏறத்தாழ 245 கிலோயூல் என்றிருந்தது. 1960 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 348 ஆயிற்று. இம்மாற்றத்தைச் சயனோசன் சுவாலை ஒன்றே கொண்டுவந்தது என்று கூறுதல் மிகையாகும். காபனின் ஆவியமுக்கத்தை 1948 இல் அளந்த புரூவர் முதலியோரும், காபன் ஆவியைத் திணிவு நிறமாலைமானியால் ஆராய்ந்த சுப்காவும் இங்கிராமும் இதிற் பெரும்பங்கு உடையோர். ஆனால் நைதரசனைப் பொறுத்தவரை இச்சுவாலையின் சாட்சியம் முதன்மையானது என்றே கொள்ளுதல் வேண்டும்.

வழக்கு ஒருவாறு தீர்ந்த பின்னர் இவ்வேதியியல் வேறொரு திசையிற் சென்றது. பிலதெல்பியாவிலே தெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய அரிஸ்திட் குறோசே, றீகாவிற் பிறந்து செருமனியிற் பயின்றவர். 1934 இற் புரொத்தற்றீனிய உலோகத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர். அவரும் கொன்வே முதலியோரும் 1953 இற் சயனோசன்-ஒட்சிசன் சுவாலையின் வெப்பநிலையை மீண்டும் ஆராய்ந்தனர். 1955 இல் 5000 கெல்வின் வெப்பநிலையுடைய சுவாலையொன்றைப் பெற்றதாக அறிவித்தனர். அதற்கடுத்த ஆண்டிற் கிர்ஷன்போமும் குறோசேயும் வேறொரு காபன்-நைதரசன் சேர்வையை எடுத்துக்கொண்டனர்.

அச்சேர்வை இருசயனோ-அசற்றலீன். நான்கு காபன் அணுக்களும் அவற்றின் இரு முனைகளிலும் ஒவ்வொரு நைதரசன் அணுவும் நேர்கோட்டில் அமைந்து, மும்மைப் பிணைப்புக்கள் மூன்று கொண்டது. 1909 இல் பிரான்சிய இரசாயனவியலாளரான மூருவும் போன்கிரானும் அசற்றலீன் ஈர்காபொட்சிலிக்கமிலத்தின் ஈரமைட்டிலிருந்து பொசுபரசின் ஒட்சைட்டைக் கொண்டு நீரை அகற்றி இதனைப் பெற்றனர். ஏறத்தாழ 21 பாகையில் உருகி 76 பாகையளவிற் கொதிக்கும் இத்திரவம், ஆக்க வெப்பமாக மூலொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோயூலை உள்ளடக்கியது. இரு மூல் ஒட்சிசனோடு எரிந்து நான்கு மூல் காபனோரொட்சைட்டையும் ஒரு மூல் நைதரசனையும் தரும், வேறெதனையும் தராது. சயனோசனைப் போலவே இதுவும் பாதியிலே நின்று எரிவதே. அச்சுவாலை 5260 கெல்வின், அதாவது ஏறத்தாழ 4990 பாகை செல்சியசு, எனக் கணிக்கப்பட்டது. ஒட்சிசனுக்குப் பதிலாக ஓசோனை உயரமுக்கத்திற் பயன்படுத்தினால் 6000 கெல்வின் அளவை எட்டலாம் என்றும் அவர்கள் காட்டினர். ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பநிலை 5800 கெல்வினுக்குச் சற்றுக் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் இவ்வெண்ணின் பொருள் விளங்கும்.

இவற்றாற் பட்டறைகளில் எவரும் இரும்பை வெட்டவில்லை; ஒட்டவுமில்லை. சயனோசன் கொடிய நஞ்சு. இருசயனோ-அசற்றலீனோ வெப்பமேற்றும்போது ஒட்சிசன் இன்றியே காபனாகவும் நைதரசனாகவும் வெடித்துச் சிதறவல்லது. ஓசோனும் வெடிக்குந் தன்மையதே. மின்வில்லாலும் பிளாசுமாவாலும் இவற்றைவிட உயர்ந்த வெப்பநிலைகளைப் பெறுதல் எளிதாகிவிட்டதனால், இச்சுவாலைகளைத் தொழிலுக்குக் கொணரும் தேவையும் மறைந்தது. இருசயனோ-அசற்றலீனின் பெயர் பின்னர் பெரிதும் அடிபட்டது வானியலிலேதான். 1980 இற் சனிக்கோளை அணுகிய வொயேஜர் 1 கலம் அதன் துணைக்கோளாகிய தைற்றனின் வடதுருவப் பகுதியிலிருந்து பதிவுசெய்த அகச்சிவப்பு நிறமாலையில், உறைந்த இருசயனோ-அசற்றலீனுக்கு உரியதெனக் கருதப்படும் பட்டையொன்று காணப்பட்டது. நைதரசனும் மெதேனும் நிறைந்த அவ்வளிமண்டலத்திற் காபன்-நைதரசன் சேர்வைகள் தாமாகவே உண்டாகின்றன. அவற்றை எரிப்பதற்கு வேண்டிய கட்டற்ற ஒட்சிசன் அங்கே இல்லை.